பதினெட்டு இரட்டிப்புகள்

பழவேற்காடு ஏரியைச் சுற்றி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கங்களில் இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு நிம்மதியான தூக்கம் கிடையாது. குஞ்சு விட்ட நாளிலிருந்து வலைபோட்டுப் பிடிக்கும் நாள் வரை மூன்று நான்கு மாதம் குட்டையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. விடியும் முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறையும். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கைவிட்டு, ஏரேட்டர் சக்கரம் நின்றால் சில மணி நேரத்தில் போட்ட காசெல்லாம் போய்விடும். உப்பு ஏறினாலும் தொல்லை, மழை பெய்து உப்பு இறங்கினாலும் தொல்லை. தீவனம் குறைந்தால் வளராது, கூடினால் அடியில் அழுகி நஞ்சாகும். நெருக்கமாகக் குஞ்சு விட்டால் லாபம் கூடும், நோயும் கூடும். 1990களின் நடுவில் வெள்ளைப்புள்ளி வைரஸ் கிழக்குக் கடற்கரைப் பண்ணைகளுக்குள் புகுந்தபோது, ஓட்டில் புள்ளி தெரிந்த ஒரு வாரம் பத்து நாளுக்குள் குட்டை குட்டையாகக் காலியானது. 

தடுப்பூசி ஆலையின் நடுவில் நிற்கும் பயோரியாக்டரும் இப்படிப்பட்ட ஒரு வளர்ப்புக் குட்டைதான். துருப்பிடிக்காத எஃகால் ஆனது, அல்லது எஃகுச் சட்டத்துக்குள் பொருத்திய பெரிய பிளாஸ்டிக் பை. உள்ளே இளஞ்சிவப்பு நிறச் சத்துக் கரைசல். அதில் இறாலுக்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரியாத செல்கள். அவற்றுக்கும் மூச்சு வேண்டும், தீனி வேண்டும், சூடு ஒரே அளவில் வேண்டும், கழிவு சேரக்கூடாது. அவையும் நெருக்கடி தாங்காது, ஒரு கிருமி நுழைந்தால் மொத்தமும் போகும்.

பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: தடுப்பூசியைக் கண்டுபிடித்துவிட்டார்களே, இன்னும் ஏன் ஊருக்கு வரவில்லை? இதற்கான விடையின் பாதி அந்தத் தொட்டிக்குள் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திரவ நைட்ரஜனில் உறையவைத்த சின்னக் குழாய் ஒன்றை எடுக்கிறோம். அதில் ஒரு கோடி செல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியதோ 2,000 லிட்டர் தொட்டி நிறையச் செல்கள். ஒரு மில்லி லிட்டருக்குப் பத்து லட்சம் என்றாலே மொத்தம் 2 லட்சம் கோடி. அதாவது 2 லட்சம் மடங்கு பெருக வேண்டும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இப்படிப் பதினெட்டு தடவை இரட்டித்தால்தான் அந்த எண்ணிக்கையைத் தொட முடியும். பாலூட்டிகளின் செல் ஒன்று இரட்டிக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நேராகப் பெரிய தொட்டியில் கொட்டவும் முடியாது, ஆள் அரவமற்ற பெருவெளியில் செல்கள் வளர மறுக்கும். முதலில் குடுவை, பிறகு பத்து லிட்டர், ஐம்பது, இருநூறு, கடைசியில் இரண்டாயிரம் என்று படிப்படியாக மாற்ற வேண்டும். மூன்று வாரம் போய்விட்டது, இன்னும் தடுப்பூசி என்ற பொருளில் ஒரு துளிகூட உருவாகவில்லை.

குடுவையில் நன்றாக வளர்ந்தது தொட்டியில் அப்படியே வளரும் என்றும் சொல்ல முடியாது. குடுவையைக் குலுக்கினால் போதும், மேற்பரப்பு வழியாகவே காற்று கரைந்துவிடும். இரண்டாயிரம் லிட்டரில் ஆழம் அதிகம், மேற்பரப்பு குறைவு. அடியிலிருந்து ஆக்சிஜனைக் குமிழியாக விட்டுத் துடுப்பால் கலக்க வேண்டும். துடுப்பை வேகமாகச் சுற்றினால் செல் கிழியும், மேலே வந்து வெடிக்கும் குமிழிகூட அதைக் கிழிக்கும், ஏனென்றால் விலங்குச் செல்லுக்குத் தாவரச் செல்லைப் போல் சுவர் கிடையாது. மெதுவாகச் சுற்றினால் மூலையில் இருப்பவை மூச்சுத் திணறும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தை ஒவ்வொரு ஆலையும் தன் தொட்டிக்கு ஏற்பக் கண்டுபிடித்தாக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு வடிவமைத்த ஒரே தடுப்பூசியை உலகின் பல ஆலைகள் செய்தபோது, நன்றாக விளைந்த ஆலைக்கும் மோசமாக விளைந்த ஆலைக்கும் இடையே மூன்று மடங்கு வித்தியாசம் இருந்ததாக ஆஸ்ட்ராஜெனகா தலைவர் பாஸ்கல் சோரியோ 2021 ஜனவரியில் சொன்னார். செய்முறை ஒன்று, செல் ஒன்று, விளைச்சல் மட்டும் வேறு. ஐரோப்பாவுக்குச் சேர வேண்டிய கோடிக்கணக்கான டோஸ்கள் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் தாமதமானதற்கு நிறுவனம் சொன்ன காரணம் இதுதான்.

வெள்ளைப்புள்ளிக்கு இணையான விபத்தும் நடந்தது. அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரே வளாகத்தில் இரண்டு நிறுவனங்களின் தடுப்பூசிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அவசரம் காரணமாகச் செய்த ஏற்பாடு அது. ஆஸ்ட்ராஜெனகாவின் வைரஸ் ஜான்சன் அண்ட் ஜான்சனின் தொட்டிக்குள் கலந்துவிட்டது. 2021 மார்ச்சில் விஷயம் வெளியே வந்தபோது, ஏறக்குறைய 1.5 கோடி டோஸுக்கான மருந்தைக் கொட்ட வேண்டியதாயிற்று. உலகமே ஒவ்வொரு டோஸுக்கும் ஏங்கிக்கொண்டிருந்த மாதம் அது.

*

தடுப்பூசி நேரத்துக்கு வந்து சேராத இந்தத் தொல்லை நம் ஊருக்குப் புதிதல்ல. 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலில் காய்ச்சலோடு பயணிகள் இறங்கினார்கள். ஆசியக் காய்ச்சல் என்று பின்னால் பெயர் பெற்ற இன்ஃபுளுயன்சா இந்தியாவுக்குள் நுழைந்தது அப்படித்தான். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இன்ஃபுளுயன்சா மையம் அதன் போக்கைப் பதிவு செய்தது. அடுத்த ஒன்பது மாதத்துக்குள் நாடு முழுவதும் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சல் கண்டதாகக் கணக்கு. கணக்கில் வராதவர்கள் எத்தனை பேர் என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

அதே ஆண்டு அமெரிக்காவில் மாரிஸ் ஹில்மேன் என்ற நுண்ணுயிரியலாளர், ஹாங்காங்கில் மருத்துவமனை வாசலில் கூட்டம் அலைமோதும் செய்தியை ஏப்ரல் மாதம் நாளிதழில் படித்தார். வரப்போவது பெருந்தொற்று என்று உடனே கணித்து, வைரஸ் மாதிரியை வரவழைத்து, தடுப்பூசி நிறுவனங்களுக்கு அனுப்பினார். அதோடு அவர் விடுத்த இன்னொரு வேண்டுகோள்தான் என்னை மிகவும் கவர்ந்தது. கோழிப் பண்ணைக்காரர்கள் சேவல்களை அறுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தக் காலத்தில் காய்ச்சல் தடுப்பூசி கருவுள்ள முட்டைக்குள்தான் விளையும். ஒரு டோஸுக்கு ஏறத்தாழ ஒரு முட்டை. சேவல் இல்லாவிட்டால் கரு இல்லை, கரு இல்லாவிட்டால் தடுப்பூசி இல்லை. வைரஸ் கையில் கிடைத்த அன்றே ஹில்மேனின் நினைப்பு சேவலிடம் போனது. அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் சுமார் 4 கோடி டோஸ் தயாராயின. உலகின் பெரும்பகுதி காய்ச்சல் தடுப்பூசி இன்றைக்கும் முட்டையில்தான் விளைகிறது.

இந்தியா என்ன கற்றுக்கொண்டது? 2009இல் எச்1என்1 பன்றிக் காய்ச்சல் வந்தது. இந்திய நிறுவனம் ஒன்று தயாரித்த முதல் தடுப்பூசி 2010 ஜூனில் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பெருந்தொற்று முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. விஞ்ஞானம் தோற்கவில்லை, நேரம்தான் போதவில்லை.

*

கோவிட் கதையில் எல்லோரும் வியப்பது முதல் பாதியை. வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரி இரண்டாவது வாரத்தில் வெளியானது. மார்ச் 16ஆம் தேதி மாடர்னா நிறுவனத்தின் ஊசி முதல் தன்னார்வலரின் கையில் ஏறியது. இரண்டு மாதம்தான் இடைவெளி! தடுப்பூசி வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை. இந்தியாவில் 2021 ஜனவரி 16ஆம் தேதி ஊசி போடத் தொடங்கினார்கள், இதுவும் வியப்புத்தான். மே மாதம் இரண்டாம் அலை தலைக்கு மேல் போனபோது, 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் என்று தொடங்கினார்கள், ஊசிதான் இல்லை. தமிழக அரசு 3.5 கோடி டோஸுக்கு உலகளாவிய டெண்டர் விட்டது, ஒரு நிறுவனம்கூட வரவில்லை. உலகச் சந்தையில் காசு கொடுத்தாலும் வாங்குவதற்குச் சரக்கு இல்லை.

கோவேக்சினை எடுத்துக்கொள்ளுங்கள். உயிருள்ள கொரோனா வைரஸையே பெருமளவில் வளர்த்து, பிறகு ரசாயனத்தால் கொன்று செய்யும் தடுப்பூசி அது. வைரஸை வளர்க்க வீரோ என்ற செல் வேண்டும். ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962இல் ஜப்பானில் பிரித்தெடுத்தது. இந்தச் செல்லுக்கு ஒரு பிடிவாதம், மிதந்துகொண்டே வளராது, ஒட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். பழைய முறையில் வரிசை வரிசையாகப் பாட்டில்களைப் படுக்கவைத்து அவற்றின் உட்சுவரில் வளர்த்தார்கள். 1967இல் ஆன்டன் வான் வேசல் என்ற டச்சு விஞ்ஞானி, மணல் பருக்கை அளவுள்ள மணிகளைக் கரைசலில் மிதக்கவிட்டு, அவற்றின் மேல் செல்லை ஒட்டவைத்தார். ஒரு லிட்டர் கரைசலில் மூன்று கிராம் மணி போட்டால் செல்லுக்கு ஒரு சதுர மீட்டருக்கும் அதிகமான தரை கிடைத்துவிடும். ஆயிரம் லிட்டரில் ஆயிரம் சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர் வயல் ஒரு தொட்டிக்குள். பெருமளவுத் தடுப்பூசி உற்பத்தியைச் சாத்தியமாக்கிய கண்டுபிடிப்புகளில் இதற்கு உரிய புகழ் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

உயிருள்ள கொரோனாவை இப்படி வளர்ப்பதற்கு மூன்றாம் நிலை உயிரிப் பாதுகாப்புக் கூடம் வேண்டும். உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கும், வெளியேறும் காற்றும் நீரும் கிருமி நீங்கித்தான் போகும். இப்படிப்பட்ட ஆலையை நினைத்த மாத்திரத்தில் கட்ட முடியாது. 2021 ஏப்ரலில் கோவேக்சின் உற்பத்தியைப் பெருக்க ஹைதராபாதின் இந்தியன் இம்யுனாலஜிக்கல்ஸ், மும்பையின் ஹாஃப்கின், புலந்த்ஷஹரின் பிப்கால் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களையும் சேர்த்தார்கள். சரியான முடிவுதான். ஆனால் அந்த அலைக்கு அது கைகொடுக்கவில்லை. ஒரு பேட்ச் தொடங்கி, சோதனை முடிந்து, ஊசியாக ஒருவர் கையில் ஏறுவதற்கு ஏறக்குறைய 120 நாள் ஆகும் என்று கோவேக்சினைத் தயாரித்த பாரத் பயோடெக் அந்த மே மாதக் கடைசியில் விளக்கம் கொடுத்தது. மார்ச்சில் தொடங்கியது ஜூனில்தான் கிடைக்கும். மே மாதத்துக்கான தட்டுப்பாடு ஜனவரியிலேயே முடிவாகியிருந்தது.

இந்த 120 நாளில் பெரும் பங்கு சோதனைக்குப் போகிறது. கிருமி இருக்கிறதா என்று பார்க்க, மருந்தைச் சத்துக்குழம்பில் விட்டு 14 நாள் காத்திருப்பார்கள். மெதுவாக வளரும் பூஞ்சை ஒன்று பதின்மூன்றாம் நாள் தலைகாட்டலாம். செத்த பாக்டீரியாவின் ஓட்டுத் துணுக்குகூட ரத்தத்தில் கலந்தால் காய்ச்சலையும் அதிர்ச்சியையும் உண்டாக்கும். அதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு உலகம் பல பத்தாண்டுகளாக நம்பியிருப்பது ஒரு கடல் உயிரியின் நீல ரத்தத்தை, லாட நண்டின் ரத்தத்தை. ஒடிசா கடற்கரையில் முட்டையிட வரும் அந்த உயிரியின் அமெரிக்க உறவினத்தைப் பிடித்து, ரத்தம் எடுத்து, மீண்டும் கடலில் விடுகிறார்கள். சிங்கப்பூரில் டிங் ஜியாக் லிங், ஹோ போ என்ற இரு ஆய்வாளர்கள் அந்த ரத்தத்தின் வேலையைச் செய்யும் புரதத்தை ஆய்வுக்கூடத்திலேயே உருவாக்கிக் காட்டி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. பெருந்தொற்று வந்தால் நண்டைத் தேடி ஓடாமல் இருக்க இது ஒரு நல்ல வழி, இன்னும் பரவலாகவில்லை.

நிறுவனத்தின் சோதனை முடிந்த பிறகு, ஒவ்வொரு பேட்ச்சும் இமாச்சலப் பிரதேசம் கசௌலியில் உள்ள மத்திய மருந்து ஆய்வகத்தின் ஒப்புதலையும் பெற வேண்டும். ஹைதராபாதிலும் புனேயிலும் இரண்டு ஆய்வகங்களைக் கூடுதலாக அங்கீகரித்தது 2021இன் நடுவில்தான். உற்பத்தியைப் பெருக்கும் பேச்சில் ஆய்வகத்தை யாரும் நினைப்பதில்லை.

தொட்டியும் சோதனையும் தயாராக இருந்தாலும் பொருட்கள் வேண்டும். பயோரியாக்டர் பை, வடிகட்டி, செல் வளர்ப்புக் கரைசல் ஆகியவற்றைச் செய்யும் நிறுவனங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அமெரிக்கா தன் போர்க்காலச் சட்டத்தைப் பயன்படுத்தி உள்நாட்டுக்கு முன்னுரிமை கொடுத்தபோது, 2021 ஏப்ரலில் சீரம் நிறுவனத்தின் ஆதார் பூனாவாலா மூலப்பொருள் ஏற்றுமதித் தடையை நீக்குமாறு அமெரிக்க அதிபரிடம் பொதுவெளியிலேயே கேட்க நேர்ந்தது. உலகிலேயே அதிகமாகத் தடுப்பூசி செய்யும் நிறுவனம் பைக்கும் ஃபில்டருக்கும் தவித்தது.

*

இப்போது செங்கல்பட்டுக்கு வருகிறேன். இந்த அத்தியாயத்தை எழுதவைத்ததே அந்த இடம்தான்.

தமிழ்நாட்டுக்குத் தடுப்பூசி உற்பத்தியில் நீண்ட பழக்கம் உண்டு. கிண்டி கிங் நிறுவனம் 1899இல் தொடங்கியது, அம்மைப்பால் அங்கே தயாரானது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்யப் பிறந்தது. கிண்டியிலேயே பிசிஜி ஆய்வகம் 1948இல் வந்தது. குழந்தைகளுக்கான காசநோய்த் தடுப்பூசியும் முத்தடுப்பு ஊசியும் இவற்றிலிருந்தும் கசௌலியில் இருந்த இன்னொரு அரசு நிறுவனத்திலிருந்தும் நாடெங்கும் போயின, அதுவும் மலிவு விலையில். 2008 ஜனவரியில் குன்னூர், கிண்டி பிசிஜி, கசௌலி ஆகிய மூன்றின் உற்பத்தி உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்திவைத்தது. நல்ல உற்பத்தி முறைகளுக்கான விதிகளை அவை பூர்த்தி செய்யவில்லை என்பது காரணம். கட்டடங்கள் பழையவை என்பது உண்மைதான். பழையதைச் சீர்செய்யாமலே இத்தனை ஆண்டு விட்டது யார் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. 2010இல் தடை நீங்கியது. ஆனால் இரண்டு ஆண்டு நின்றுபோன உற்பத்தி, தடை நீங்கிய மறுநாளே திரும்பிவிடாது. அனுபவசாலிகள் ஓய்வு பெற்றார்கள், வேறு வேலைக்குப் போனார்கள்.

இதற்கு மாற்றாகத்தான் செங்கல்பட்டு அருகே திருமணியில் 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் வந்தது. எச்எல்எல் பயோடெக் என்ற மத்திய அரசு நிறுவனம் 2012இல் தொடங்கிய திட்டம், மதிப்பீடு 594 கோடி ரூபாய். ஆண்டுக்கு 58 கோடி டோஸ் வரை தயாரிக்கும் திறன் என்று சொன்னார்கள். ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட், தட்டம்மை, மஞ்சள் காமாலை பி, ரேபிஸ், மூளைக்காய்ச்சல் தடுப்பூசி எல்லாம் பட்டியலில் இருந்தன. கட்டடம் எழும்பியது, இயந்திரங்கள் வந்தன, பணம் நின்றது. கோவிட் வந்தபோது வளாகம் கிட்டத்தட்ட முடிந்த நிலையில் சும்மா கிடந்தது. 2021 மே 25ஆம் தேதி, பதவியேற்று மூன்று வாரம்கூட ஆகாத முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அங்கே நேரில் போய்ப் பார்த்தார். மாநில அரசுக்குக் குத்தகைக்குக் கொடுங்கள், நாங்கள் தயாரிக்கிறோம் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பெருந்தொற்று முடியும் வரை அந்த வளாகத்திலிருந்து ஒரு குப்பி கோவிட் தடுப்பூசிகூட வெளிவரவில்லை.

எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. அதைவிட முக்கியமாக, அன்றைக்கே சாவியைக் கொடுத்திருந்தாலும் மே மாத அலைக்கு அது உதவியிருக்காது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏன் என்று ஒரு நிரப்பு வரிசையை அருகில் நின்று பார்த்தால் தெரியும்.

குப்பியில் மருந்து நிரப்பும் அறையில் காற்று மேலிருந்து கீழாக, வடிகட்டியின் வழியே ஒரே சீராக இறங்கிக்கொண்டிருக்கும். ஊசிமருந்துக்கான தூய நீர் குழாய்களில் எண்பது டிகிரி அளவில் இரவும் பகலும் சுற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் குழாயின் உட்சுவரில் பாக்டீரியா படலம் கட்டிவிடும், பிறகு அதை அகற்றுவது பெரும்பாடு. அந்த அறையைத் திறக்கும் முன் ஒரு சோதனை உண்டு. தடுப்பூசிக்குப் பதிலாகக் கிருமி விரும்பிச் சாப்பிடும் சத்துக்குழம்பையே ஆயிரக்கணக்கான குப்பிகளில், உண்மையான ஆட்கள், உண்மையான வேகத்தில் நிரப்பி மூடுவார்கள். வேலையின் நடுவில் ஒருவர் கையுறை மாற்றுவதைக்கூட வேண்டுமென்றே செய்து பார்ப்பார்கள். குப்பிகளை 14 நாள் வெதுவெதுப்பில் வைத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். ஒன்று கலங்கியிருந்தாலும் காரணத்தைத் தேட வேண்டும். இப்படித் தொடர்ந்து மூன்று தடவை தேற வேண்டும், அதன் பிறகே மருந்து. அதன் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனை. சும்மா கிடந்த ஆலையை இந்த நிலைக்குக் கொண்டுவர மாதக்கணக்கு போதாது. அந்த அறையில் எப்படி நடக்க வேண்டும், எவ்வளவு மெதுவாகக் கையை அசைக்க வேண்டும் என்று பழகிய ஆட்களும் வேண்டும். ஓடாத ஆலையில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

நேர் எதிரான உதாரணம் ஹைதராபாதில் இருக்கிறது. அங்கே சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இலேயே மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை ஒருவகை ஈஸ்ட்டில் விளைவித்து விற்கத் தொடங்கியது. அந்தத் தொழில்நுட்பம் அந்த நகரத்தில் பலருக்குக் கைவந்தது. டெக்சாஸில் பீட்டர் ஹோட்டஸ், மரியா எலெனா போட்டாஸி இருவரின் குழு கொரோனாவின் முள்புரதத்தில் ஒரு துண்டை அதே வகை ஈஸ்ட்டில் உருவாக்கிக் காப்புரிமை இல்லாமல் கொடுத்தபோது, ஹைதராபாதின் பயாலஜிக்கல் ஈ நிறுவனத்துக்கு அது புது வித்தையாக இல்லை. ஈஸ்ட் இரண்டு மூன்று மணி நேரத்தில் இரட்டிக்கும். குரங்குச் செல்லுக்கு மூன்று வாரம் பிடிக்கும் அந்தப் பதினெட்டு இரட்டிப்பை இது இரண்டே நாளில் முடித்துவிடும். அந்தத் தடுப்பூசிதான் கோர்பேவாக்ஸ். 2022 மார்ச் 16 முதல் 12 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாடெங்கும் போட்டது அதைத்தான், அரசுக்கு டோஸ் 145 ரூபாய். பல ஆண்டாக இன்னொரு நோய்க்காக ஓடிய ஈஸ்ட் தொட்டிகள், கோவிட் வந்தபோது கோவிட்டுக்காக ஓடின. செங்கல்பட்டுக் கட்டடத்திலும் சில ஆண்டுகளாகப் பென்டாவேலன்ட் ஓடியிருந்தால் 2021இல் கதை மாறியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

*

செல்லே வேண்டாம் என்பதுதான் எம்ஆர்என்ஏ முறையின் கவர்ச்சி. டிஎன்ஏ அச்சு, நொதி, நான்கு வகை எழுத்துக்களுக்கான மூலப்பொருள், சில மணி நேரம். இதில் அளவு என்னை எப்போதும் மலைக்கவைக்கும். ஃபைசர் ஊசி ஒன்றில் இருப்பது 30 மைக்ரோகிராம். தமிழ்நாட்டில் ஏழரைக் கோடிக்கும் மேற்பட்ட அத்தனை பேருக்கும் இரண்டு டோஸ் போட மொத்தம் ஏறக்குறைய நான்கரை கிலோ எம்ஆர்என்ஏ போதும். சிக்கல் அடுத்த கட்டத்தில்: அந்த இழையைக் கொழுப்புத் துளிக்குள் பொதிய வேண்டும். இரண்டு திரவங்கள் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மோதினால்தான் துளி சரியான அளவில் உருவாகும். பெரிய கலப்பானில் அந்த மோதல் கெட்டுவிடும். ஃபைசரின் கலமஸூ ஆலையில் ஒரு காசு அளவே உள்ள கலப்பான்கள் பலவற்றை வரிசையாக வைத்து ஓட்டினார்கள். பெரிதாக்க முடியாததைப் பலவாக்கினார்கள். இந்தியாவில் புனேயின் ஜென்னோவா நிறுவனம் உலர்தூளாக்கிய எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு 2022 ஜூனில் அவசர அனுமதி பெற்றது. மைனஸ் எழுபது டிகிரி வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தின் சாதாரண 2 முதல் 8 டிகிரிப் பெட்டியே போதும். கோவிட்டுக்குத் தாமதம்தான், அடுத்ததற்கு அல்ல.

2021இல் ஜி7 நாடுகள் ஏற்ற இலக்கு ஒன்று உண்டு: புதுக் கிருமி தெரிந்த நூறு நாளில் தடுப்பூசி. நல்ல இலக்கு. ஆனால் நூறாம் நாள் கிடைப்பது அனுமதி பெற்ற தடுப்பூசியும் முதல் சில பேட்ச்சும்தான். அது பழவேற்காடு வரை வந்து சேரும் கணக்கை யாராவது போட வேண்டும்.

அந்தக் கணக்கில் குப்பி முக்கியம். சீரம் நிறுவனத்தின் கோவிஷீல்டு பத்து டோஸ் குப்பியில் வந்தது. ஆலைக்கு அது வசதி: குப்பி குறைவு, கண்ணாடி குறைவு, நிரப்பும் நேரம் குறைவு. ஆனால் மூடியில் ஊசி குத்திவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டியிருந்தது. பெரிய நகரத்தில் அது ஒரு பொருட்டல்ல. பழவேற்காட்டுப் பக்கத்து லைட்ஹவுஸ்குப்பத்திலோ கோரைக்குப்பத்திலோ ஆண்கள் கடலுக்கும் ஏரிக்கும் போய்வரும் நேரம் வேறு வேறு. மீன் ஏலம் முடிந்து பெண்கள் திரும்பும் நேரம் வேறு. ஐஸ் பேக் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம், "நர்சம்மா, இப்பவே போட்டு வுட்ரு, ராத்திரி தொழிலுக்குப் போவணும்" என்று ஒருவர் வந்து நிற்பார். "இன்னும் ஆறு பேரைக் கூட்டினு வாங்கண்ணா, பாட்டிலைத் தொறந்துட்டா நாலு மணி நேரந்தான்" என்பார் அவர். ஆறு பேர் கிடைக்காவிட்டால் அந்த ஒருவர் ஊசி போடாமலே படகேறுவார், அல்லது செவிலியர் மனசாட்சிக்குப் பயந்து குப்பியைத் திறந்து மீதியை வீணாக்குவார்.

ஐந்து டோஸ் குப்பியாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை பாதியாகும். அதற்கு ஆலையில் என்ன விலை? தமிழ்நாட்டுக்கு 15 கோடி டோஸ் என்றால் பத்து டோஸ் குப்பி ஒன்றரைக் கோடி. நிமிடத்துக்கு 300 குப்பி நிரப்பும் ஒரு வரிசை, நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 42 நாளில் முடியும். ஐந்து டோஸ் குப்பி என்றால் 84 நாள். அலை காத்திருக்காது என்பதால் அவசரத்தில் எல்லோரும் பத்து டோஸையே தேர்ந்தெடுப்பார்கள், அந்த முடிவின் சுமை குப்பத்துக்கு இறங்கும். அல்லது, இரண்டாவது வரிசை ஒன்று இருக்க வேண்டும். அந்த இரண்டாவது வரிசை பெருந்தொற்று அறிவிக்கும் நாளில் ஏற்கெனவே குழந்தைகளுக்கான பென்டாவேலன்ட்டை நிரப்பிக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சத்துக்குழம்புச் சோதனையில் தேறிக்கொண்டு இருக்க வேண்டும். திருமணியில் அதற்கு 100 ஏக்கர் இடமும், அரசு ஏற்கெனவே பணம் கொடுத்துக் கட்டிய கட்டடங்களும் இருக்கின்றன.